தீவாந்தரம் சென்ற மேரி பிரையன்ட்

'தீவாந்தர சிட்சை' என்னும் தொடர் நம் பாட்டனார் காலத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்பட்ட ஒன்று. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றிருந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழர் வழங்கிய பெயர் அது. வ. உ. சிதம்பரனாருக்கு 1908-இல் விதிக்கப்பட்டதும் இதுவே. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோவையிலும் கண்ணனூரிலும் சிறைக்கொடுமை கண்டார் என்பதை நாம் அறிவோம். 1955-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அச்சொல்லை நீக்கி, 'ஆயுள் சிறை' என்பதை அதன் இடத்தில் அமர்த்தியது. சட்டப் புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்ற ஒரு திருத்தச் சீட்டை ஒட்டினால் போதும். அச்சொல்லால் கடலுக்கு அப்பால் வீசப்பட்ட மாந்தரின் வரலாறு அச்சீட்டுக்கு அடியில் மறைந்துவிடுவதில்லை.

இத்தண்டனையை ஆங்கிலேயர் நமக்கென்று புதிதாக வகுக்கவில்லை. தம் நாட்டு ஏழை எளியவர் மீது நெடுங்காலம் ஏவிப் பழகிய பின்னரே நம்மீதும் ஏவினர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 50,000 பேரை அவர்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு இவ்வாறு அனுப்பினர். அமெரிக்கர் விடுதலைப் போர் தொடுத்ததும் அவ்வழி அடைபட்டது. அனுப்ப இடமின்றிச் சிறைகள் நிரம்பவே, பாய்மரம் களைந்த பழங்கப்பல்களை ஆற்றுமுகங்களில் நங்கூரமிட்டு அவற்றின் வயிற்றில் கைதிகளை அடைத்தனர். அப்போதுதான் கேப்டன் குக் 1770-இல் கண்டுவந்த ஆஸ்திரேலியக் கீழ்க்கரை அமைச்சர்களின் நினைவுக்கு வந்தது. 1788 முதல் 1868 வரை அக்கண்டத்துக்கு அனுப்பப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் சுமார் 25,000. அந்த 25,000 பேரில், முதல் கப்பல் தொகுதியிலேயே சென்ற ஒருத்தியைப் பற்றியது இக்கட்டுரை.

அவளுக்கு எழுதத் தெரியாது. இதை முதலிலேயே கூறிவிடுவது நலம். அவளைப் பற்றி இன்று நாம் அறிவன யாவும் பிறர் எழுதியவை. அவர்களிலும் பெரும்பாலோர் அவளைக் காவலில் வைத்திருந்தவர்கள். நீதிமன்றப் பதிவேடு, கப்பலின் ஆள்பட்டியல், மருத்துவரின் நாட்குறிப்பு, திருமணப் பதிவு, படைவீரர் ஒருவரின் டைரி என்று எங்கெங்கோ ஓரிரு வரிகளாக அவள் சிதறிக் கிடக்கிறாள். கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிவரும் எனக்கு ஒன்று தெரியும்: ஒரு மனிதனைப் பற்றிய தாள்கள் பெருகப் பெருக, அம்மனிதன் அவற்றுக்கு அடியில் சிறுத்துப் போவான். மேரியின் தாள்களோ மிகச் சில. ஆயினும் அவற்றின் இடைவெளிகளில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள்.

பட்டுத் தொப்பி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி உண்டு. பாறைக்கரையும் மீன்பிடியும் கள்ளக்கடத்தலும் மிகுந்த நாடு. அங்கே ஃபாய் என்னும் சிறு துறைமுகத்தில் வில்லியம் பிராட் என்ற கடலோடியின் மகளாகப் பிறந்தவள் மேரி. 1765 மே முதல் நாளில் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்ததாகக் கோயிற்பதிவு கூறுகிறது. கடலோடி வீட்டுப் பெண்ணுக்கு அலையும் படகும் புதியவை அல்ல. இது பின்னர் அவளுக்குப் பயன்பட்டது.

பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போன அவளும் வேறு இரு பெண்களும் நெடுஞ்சாலையில் ஒரு மாதை மறித்து, அவளுடைய பட்டுத் தொப்பியையும் வேறு சில பொருள்களையும் பறித்தனர் என்பது வழக்கு. எக்ஸிடர் நகரில் கூடிய சுற்று நீதிமன்றம் 1786 மார்ச் 20 அன்று அளித்த தீர்ப்பு தூக்குத் தண்டனை. ஒரு சிலம்புக்காக ஓர் உயிர் போன கதையைப் படித்து வளர்ந்த நமக்கு, ஒரு தொப்பிக்காக மூன்று உயிர் கேட்ட சட்டம் வியப்பளிக்காமல் இருக்கலாம். ஆனால் மதுரையில் ஆராயாமல் தவறிய மன்னன் உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். எக்ஸிடர் நீதிபதிகள் அடுத்த ஊருக்கு வண்டியேறினர். அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் ஏராளம். தீர்ப்பைப் படித்துவிட்டுப் பின்னர்க் குறைப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அவ்வழக்கப்படி மூவரின் தண்டனையும் ஏழாண்டு நாடு கடத்தலாகக் குறைந்தது.

பிளிமத் துறையில் நின்ற டன்கிர்க் என்ற சிறைக்கப்பலில் மேரி அடைக்கப்பட்டாள். ஆணும் பெண்ணும் கடற்படைக் காவலரும் நெருங்கிக் கிடந்த இடம் அது. 1787 மே 13 அன்று பதினோரு கப்பல்கள் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பியபோது, 'ஷார்லட்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டிருந்த மேரி கருவுற்றிருந்தாள். தெனரீஃப், ரியோ டி ஜனேரோ, நன்னம்பிக்கை முனை என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு சென்ற எட்டு மாதப் பயணத்தின் நடுவே, செப்டம்பர் 8 அன்று அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கப்பல் மருத்துவர் ஜான் ஒயிட் தம் நாட்குறிப்பில் அதை ஒரு வரியில் எழுதிவைத்தார். குழந்தைக்குக் கப்பலின் பெயரே அமைந்தது.

பொருளீட்டக் கடல் கடப்போர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் வரையறுத்தார். பிரிட்டனின் அமைச்சரவையோ மகளிரை வேண்டுமென்றே ஏற்றியது. ஏறத்தாழ 190 பெண் கைதிகள் அந்த முதல் தொகுதியில் சென்றனர். புதிய குடியேற்றத்தில் ஆண்கள் ஒழுங்காக இருக்கப் பெண்கள் வேண்டும் என்பது கணக்கு. மாவு மூட்டை, மண்வெட்டி, பெண்கள் என்று பட்டியல் நீண்டது. பிற்காலத்தில் அந்தமானிலும் இதே எண்ணத்தோடுதான் பெண் கைதிகளை ஆண் கைதிகளுக்கு மணமுடித்துக் குடியமர்த்தினர்.

பஞ்சத் துறைமுகம்

1788 ஜனவரி 26-இல் கப்பல்கள் இன்றைய சிட்னித் துறையை அடைந்தன. பெண்கள் பிப்ரவரி 6 வரை கரையிறக்கப்படவில்லை. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, அந்நாட்டின் முதல் திருமணங்கள் சில நடந்தன. அவற்றுள் ஒன்று மேரிக்கும் வில்லியம் பிரையன்ட்டுக்கும். பிரையன்ட் கார்ன்வால்காரன், மீனவன். அதே டன்கிர்க்கில் கிடந்து அதே ஷார்லட்டில் வந்தவன். பதிவேட்டில் அவன் கையெழுத்திட்டான். மேரி ஒரு கீறல் போட்டாள்.

அந்நிலத்துக்கு உரியவர்கள் ஏற்கனவே அங்கே இருந்தனர் என்பதை ஈண்டுக் குறிப்பிடாமல் செல்லலாகாது. ஈயோரா மக்கள் அத்துறையில் காலங்காலமாக மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். வெள்ளையர் வந்த மறு ஆண்டே, 1789-இல், பெரியம்மை அவர்களுள் பெரும்பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று. மேரியின் துயரம் பெரிது; அவள் எங்கே கொண்டு வந்து இறக்கப்பட்டாளோ அந்த மண்ணின் மக்களுடைய துயரம் அதனினும் பெரிது.

குடியேற்றத்துக்குச் சோறு போடத் தெரிந்தவர்கள் அக்கூட்டத்தில் மிகக் குறைவு. உழவு தெரிந்தவன் அரியன், விதைத்தது முளைக்கவில்லை. வலை வீசத் தெரிந்த பிரையன்ட்டின் மதிப்பு அதனால் உயர்ந்தது. ஆளுநர் ஆர்தர் பிலிப் அவனை மீன்பிடிப் படகுகளுக்குப் பொறுப்பாக்கி, குடியிருக்க ஒரு குடிசையும் தந்தார். ஓராண்டு அக்குடும்பம் பிறரைவிட வசதியாக இருந்தது. பிடித்த மீனில் ஒரு பகுதியை அவன் தனியே விற்றது 1789 தொடக்கத்தில் வெளிப்பட்டது. நூறு கசையடி, குடிசையும் பறிபோயிற்று. ஆனால் அவனை விட்டால் மீன்பிடிக்க வேறு ஆள் இல்லை. ஆகவே அடித்தபின் மீண்டும் அதே படகில் ஏற்றினார்கள். தண்டிக்கவும் வேண்டும், அவனில்லாமல் வேலையும் நடக்காது என்னும் நிலையில் நிர்வாகங்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

1790-ஆம் ஆண்டு பசியின் ஆண்டு. மார்ச் மாதம் 'சிரியஸ்' என்ற பெரிய கப்பல் நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி அழிந்தது. ஏப்ரலில் வாரப்படி இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, இரண்டு ராத்தல் பழைய உப்பிட்ட பன்றியிறைச்சி என்று குறைந்தது. அதே ஏப்ரலில்தான் மேரியின் இரண்டாவது குழந்தை இம்மானுவேலுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஜூனில் வந்த இரண்டாம் கப்பல் தொகுதி உணவோடு பிணங்களையும் கொண்டுவந்தது. அதில் ஏற்றப்பட்ட கைதிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் வழியிலேயே மடிந்திருந்தனர். (பின்னர் 1792-இல் நம் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பல் அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிச் சென்றது. பருப்பின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை, முகம் சுளித்தார்களாம்.)

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1787-இல் புறப்பட்ட கப்பல்களில் கைதிகள் ஏற்றப்பட்டார்களே அன்றி, அவரவர் தண்டனை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகிறது என்று காட்டும் தாள்கள் ஏற்றப்படவில்லை. அவை இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. ஆளுநர் பிலிப் அவற்றைக் கேட்டு இலண்டனுக்கு எழுதினார். கடிதம் போக எட்டு மாதம், மறுமொழி வர எட்டு மாதம். இதற்கிடையே 'என் காலம் முடிந்தது, என்னை விடுங்கள்' என்று கேட்டவர்களுக்கு, 'ஆதாரம் வரட்டும்' என்பதே விடையாயிற்று. அலுவலகங்களில் ஓர் இணைப்பு விடுபட்டால் ஒரு கோப்பு ஒரு மாதம் தூங்கும். அங்கே இணைப்பு விடுபட்டதால் மனிதர்களின் ஆண்டுகள் தூங்கின.

பிரையன்ட்டுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது 1784 மார்ச்சில், ஏழாண்டுக்கு. 1791 மார்ச்சில் அவன் காலம் முடிய வேண்டும். மேரிக்கு இன்னும் இரண்டாண்டு இருந்தது. அவனோ, இந்நாட்டுத் திருமணம் தன்னைக் கட்டாது என்று பேசிவந்ததாகக் குடியேற்றத்தின் நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதுகிறார். தம்மால் பிழைக்க இயலாத மனைவி மக்களை விட்டுவிட்டு எவரும் ஊர் திரும்பக்கூடாது என்று ஆளுநர் ஆணையிட வேண்டியதாயிற்று. கணவனைக் காப்பாளனாக்கிய ஆணை அது. மேரியின் விருப்பம் இன்னதென்று கேட்டு எழுதியவர் எவரும் இல்லை. அவளுடைய விருப்பம் எதுவென்பதை அவளுடைய அடுத்த செயலே கூறுகிறது.

அறுபத்தொன்பது நாள்

1790 டிசம்பரில் படேவியாவிலிருந்து உணவேற்றிக்கொண்டு ஒரு டச்சுக் கப்பல் சிட்னிக்கு வந்தது. அதன் தலைவனிடம் பிரையன்ட் ஒரு திசைகாட்டியும், சூரியனின் உயரத்தை அளந்து இடமறியும் கருவி ஒன்றும், கடல் வரைபடமும், துப்பாக்கிகளும் வாங்கினான். ஆளுநரின் ஆறு துடுப்புப் படகு அவன் பொறுப்பில் இருந்தது. அது சில நாள்களுக்கு முன் காற்றில் கவிழ்ந்து சேதப்பட்டு, அரசுச் செலவிலேயே பழுதுபார்க்கப்பட்டுப் புதுப்பொலிவோடு நின்றது. 1791 மார்ச் 28 அன்று டச்சுக் கப்பல் துறையைவிட்டுப் போயிற்று. துரத்திச் செல்லத்தக்க வேறு கப்பல் எதுவும் அன்று அங்கே இல்லை. அன்றிரவே பதினோரு பேர் அப்படகில் ஏறினர்: மேரி, வில்லியம், மூன்றரை வயது ஷார்லட், ஒரு வயது இம்மானுவேல், மற்றும் ஏழு ஆண் கைதிகள்.

அவர்களிடம் இருந்தவை நூறு ராத்தல் மாவு, நூறு ராத்தல் அரிசி, பதினான்கு ராத்தல் இறைச்சி, எட்டுக் காலன் அளவுக்குத் தண்ணீர். இக்கணக்கைத் தருபவன் அவ்வேழு பேரில் ஒருவனான ஜேம்ஸ் மார்ட்டின். அவன் சொல்லி எழுதப்பட்ட குறிப்பு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமின் தாள்களிடையே கிடைத்தது. பெந்தாம் நாடு கடத்தல் தண்டனையை எதிர்த்தவர். ஜேம்ஸ் காக்ஸ் என்ற இன்னொருவன் தன் காதலிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனான். ஆயுள் தண்டனைக்காரன் அவன். தன் நிலைமையில் நம்பிக்கையற்றுப் போனதையும், அவள் நல்வழியில் நடக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தான். மறுநாள் அதிகாரிகள் கையில் அகப்பட்ட கடிதம் அது ஒன்றே.

வடக்கு நோக்கிக் கரையோரமாகச் சென்றார்கள். இரண்டாம் நாளே ஒரு சிற்றாற்றின் முகத்தில் நிலக்கரியைக் கண்டு எரித்துப் பார்த்தார்கள்; அதிகாரிகளுக்கு அப்பகுதி நிலக்கரி தெரியவர மேலும் ஆறாண்டு ஆயிற்று. பின்னர்ப் புயல் அவர்களைக் கரை தெரியாத நடுக்கடலுக்குத் தள்ளியது. படகு ஒழுகியது. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்கு வேறு பொருள் இல்லாமல் சோப்பைக் குழைத்துப் பூசினார்கள். இரவும் பகலும் நீரை இறைத்தார்கள். கரையேறிய இடங்களில் அந்நிலத்து மக்கள் சிலர் அன்பு காட்டினர். சிலர் ஈட்டியோடு எதிர்த்தனர். பெரும் பவளத்திட்டின் தீவுகளில் ஆமைகளைப் பிடித்து, இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள். கார்பென்டேரியா வளைகுடாவின் முகப்பில், பாய் கட்டிய பெரிய ஓடங்களில் வந்தவர்கள் துரத்தவே, கரையை விட்டு வளைகுடாவைக் குறுக்கே கடந்தார்கள், நாலரை நாள். 1791 ஜூன் 5 அன்று டச்சுக்காரர் வசமிருந்த தீமோர்த் தீவின் குபாங்கை அடைந்தார்கள். 69 நாளில் 3,254 மைல். ஒருவரும் இறக்கவில்லை.

இதற்கு இரண்டாண்டு முன் கேப்டன் பிளை, 'பவுண்டி' கப்பலின் கலகக்காரர்களால் ஒரு படகில் இறக்கிவிடப்பட்டு, தம் ஆட்களோடு இதே குபாங்குக்கு வந்து சேர்ந்தார். அப்பயணம் கடற்படை வரலாற்றின் பெருமைகளுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகிறது. பிளை தேர்ந்த மாலுமி. உடனிருந்தவர்களும் கடல் தொழிலர். மேரியின் படகிலோ பால்மணம் மாறாத குழந்தை ஒன்று. மார்ட்டினின் குறிப்பில் அவளைப் பற்றி வருவது மிகக் குறைவு. எல்லாம் நனைந்து கிடந்தமையால் பெண்ணும் இரு குழந்தைகளும் மோசமான நிலையில் இருந்தனர் என்பது போன்ற ஓரிரு வரிகள், அவ்வளவே. உடன் துடுப்பிட்டவனே இவ்வளவுதான் எழுதினான் என்றால், அதிகாரிகளைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு வயதுக் குழந்தைக்கு ஈரத்தில் பாலூட்டி, இன்னொன்றை மடியில் அணைத்து, கைமாற்றிக் கைமாற்றி நீர் இறைத்த அறுபத்தொன்பது நாளை எழுத எழுத்தறிந்த ஆடவர் எவருக்கும் தோன்றவில்லை. நாம்தான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் விலங்கு

குபாங்கில், கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று கூறிக்கொண்டார்கள். டச்சு ஆளுநர் வான்யோன் உணவும் உடையும் தந்தார். சில வாரம் மனிதராக வாழ்ந்தார்கள். பிரையன்ட் மனைவியோடு சண்டையிட்டு, சினத்தில் தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டான் என்கிறான் மார்ட்டின். அது மெய்யானால், அக்குடும்பத்தை அழித்தது புயலும் அன்று, பசியும் அன்று. ஒரு நாள் கோபம்.

செப்டம்பரில் கேப்டன் எட்வர்ட்ஸ் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். பவுண்டிக் கலகக்காரர்களைப் பிடிக்க அனுப்பப்பட்டவர் அவர். தம் கப்பலான 'பண்டோரா'வைப் பவளத்திட்டில் மோதி இழந்துவிட்டு, படகுகளில் தப்பி வந்திருந்தார். தப்பியோடிய கைதிகள் இருக்கிறார்கள் என்றதும் அவர்களையும் விலங்கிட்டுத் தம் கைதிகளோடு சேர்த்துக்கொண்டார். காய்ச்சலுக்குப் பெயர்போன படேவியாவுக்கு நவம்பரில் கொண்டு சென்றனர். டிசம்பர் முதல் நாள் இம்மானுவேல் இறந்தான். டிசம்பர் 22 அன்று வில்லியம் பிரையன்ட் இறந்தான். அங்கிருந்து நன்னம்பிக்கை முனை செல்லும் வழியில் ஆடவர் மூவர் மாண்டனர். அவர்களுள் ஒருவன் கடிதம் எழுதிவைத்த காக்ஸ்.

முனையில் 'கார்கன்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் அவர்களை மாற்றி ஏற்றினர். சிட்னியில் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும் கடற்படைக் காவலரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் இருந்தனர். அவர்களுள் வாட்கின் டென்ச் என்ற அதிகாரி, 1787-இல் மேரியோடு ஷார்லட்டில் பயணம் செய்தவர். வெறுத்திருக்க வேண்டிய அவர், அவர்களுடைய துணிவை வியந்தும் விதிக்கு இரங்கியும் தம் நூலில் எழுதினார். வெப்பம் தாங்காமல் அக்கப்பலில் குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்தனர். 1792 மே மாதத்தின் முதல் வாரத்தில் ஷார்லட்டும் இறந்தாள். ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரி தம் டைரியில் அதைக் குறித்தார்: படகில் ஓடிப்போன கைதி மேரி பிராட்டின் குழந்தை இறந்தது, உடல் கடலில் விடப்பட்டது என்னும் பொருள்பட. மணமாகி நான்காண்டு கழித்தும் அவளுக்குக் கன்னிப்பெயரே எழுதப்பட்டதைக் காண்க. கணவனும் மகனும் போய், மகளும் போன அன்று, முதல் ஆள்பட்டியலில் ஏறிய பெயரே அவளுக்கு மிஞ்சிற்று. அட்லாண்டிக்கில் பிறந்த ஷார்லட், நான்கு வயதும் எட்டு மாதமும் வாழ்ந்து, அட்லாண்டிக்கிலேயே அடங்கினாள்.

பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவள் என்று இத்தாயைப் பழிப்போர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. படகு அவர்களைக் கொல்லவில்லை. அதிலிருந்து உயிரோடுதான் இறங்கினார்கள். கொன்றவை படேவியாவின் காய்ச்சலும் கைதிக்கப்பலின் அடித்தளமும். பசித்துக் கிடந்த சிட்னியில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று 1791-இல் எந்தத் தாயும் நம்பியிருக்க முடியாது.

மன்னிப்பு

1792 ஜூன் 18 அன்று கப்பல் போர்ட்ஸ்மத்தை அடைந்தது. நாடு கடத்தப்பட்டவர் காலம் முடியுமுன் திரும்பினால் சட்டப்படி தூக்கு. ஆனால் இலண்டன் பத்திரிகைகள் அவர்களுடைய கதையை எழுதின. மக்கள் மனம் இளகிற்று. பாட்டனி விரிகுடாவோடு ஒப்பிட்டால் நியூகேட் சிறை சொர்க்கம் என்று கைதிகள் கூறியதாகச் செய்தி பரவியது. நீதிமன்றம் தூக்கிலிடவில்லை, விடுவிக்கவும் இல்லை. முன்னைய தண்டனையிலேயே இருக்கட்டும் என்று நியூகேட்டில் வைத்தது.

அவர்களுக்காக எழுந்தவர், டாக்டர் ஜான்சனின் வரலாற்றை 1791-இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஸ்வெல். தொழிலால் வழக்கறிஞர். குடி முதலிய பலவீனங்கள் அவரிடம் பல. ஏழைக் கைதிகளுக்கு இரங்கும் நெஞ்சும் இருந்தது. உள்துறை அமைச்சர் டண்டாசுக்கு எழுதினார்; அலுவலகங்களின் படியேறினார். 1793 மே 2 அன்று மேரிக்கு மன்னிப்பு ஆணை பிறந்தது.

இத்தேதியைப் படித்ததும் நான் விரல்விட்டு எண்ணினேன். 1786 மார்ச் 20-இல் தீர்ப்பு, ஏழாண்டு. அந்நாளிலிருந்து கணக்கிட்டால் 1793 மார்ச் 20-இல் அவளுடைய தண்டனை முடிகிறது. மன்னிப்பு வந்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. அரசர் பெருமனத்தோடு அளித்த மன்னிப்பு, கணக்குப்படி அவளுக்குச் சேர வேண்டியதை ஆறு வாரத் தாமதத்தோடு கொடுத்தது, அவ்வளவே. எஞ்சிய ஆடவர் நால்வர் நவம்பர் 2-இல் விடுதலை பெற்றனர். அவர்களுள் ஒருவன், ஜான் புச்சர் என்பவன், படையில் சேர்ந்து தன் விருப்பத்தோடு சிட்னிக்கே திரும்பிப் போனான். வயிறு எந்த ஊரையும் சொந்த ஊராக்கும் போலும்.

பாஸ்வெல் மேரிக்கு இலண்டனில் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு உதவித்தொகையும் தம் கைப்பொறுப்பில் ஏற்பாடு செய்தார். நண்பர்கள் சிலர் அவரை ஏளனம் செய்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. 1793 அக்டோபரில் தேம்ஸ் துறையில் அவளைக் கப்பலேற்றிவிட்டு, அதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவள் ஃபாய் திரும்பினாள். உதவித்தொகை பெற்றுக்கொண்டதற்கு 1794-இல் வந்த ஒப்புதலில் எம்., பி. என்ற இரண்டு எழுத்துகள் காணப்படுகின்றன. 1788-இல் வெறும் கீறல் இட்ட கை அது. 1795-இல் பாஸ்வெல் இறந்தார். அதன் பிறகு மேரி, எந்த அதிகாரியும் பின்தொடர்ந்து எழுதத் தேவையற்ற ஒரு சாதாரணப் பெண்ணாக வரலாற்றிலிருந்து வெளியேறுகிறாள்.

புறப்படுமுன் அவள் பாஸ்வெல்லுக்குக் கொடுத்தது ஒன்று உண்டு. சிட்னிக் காடுகளில் படரும் ஒரு கொடியின் உலர்ந்த இலைகள். தேயிலை கிடைக்காத கைதிகள் 'இனிப்புத் தேநீர்' என்று அதைக் கொதிக்கவைத்துக் குடித்தனர். படகிலும், குபாங்கிலும், படேவியாவிலும், நியூகேட்டிலும் எல்லாம் இழந்தபோதும் அதை அவள் எப்படியோ பத்திரப்படுத்தியிருந்தாள். பாஸ்வெல் அதைத் தம் தாள்களோடு வைத்திருந்தார். அத்தாள்கள் பல கைமாறி இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அவ்விலைகளில் இரண்டு 1956-இல் சிட்னியின் மிட்செல் நூலகத்துக்கு அனுப்பப்பட்டு, இன்று அங்கே இருக்கின்றன.